கம்ப்யூட்டருக்கு ஒரு டைமர், ரத்தக் குழாய்க்கு ஒரு நடை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதன் முன் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது கால்களில் ரத்த ஓட்டம் குறைகிறது. எழுந்து நடந்தால் ரத்தம் வேகமாகப் பாயும். ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும். குழாய் தளர்ந்து விரியும். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. தொடர்ந்து நடப்பவர்களுக்கு ரத்த அழுத்தமும் குறைகிறது.

வாரத்துக்கு 150 நிமிட வேக நடையாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தினம் 30 நிமிடம், 5 நாட்கள். தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 8 கி.மீ. நடைபாதைகளுடன் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஸ்ரீமுஷ்ணத்தில் இருப்பவர்களுக்குப் பூவராக சுவாமி கோயில் வீதிகளே போதும்.

நேரம் போவது தெரியவில்லையா? விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, ஆங்கிலத்தில் ‘க்ளாக்’ என டைப் செய்து திறங்கள். டைமரில் 30 நிமிடம் வையுங்கள். மணி அடித்ததும் எழுந்து சிறிது நடந்துவிட்டு வாருங்கள்.

ரத்த அழுத்தம் கூடினாலும் பெரும்பாலும் அறிகுறி தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். மாத்திரை சாப்பிடுபவர்கள், நடக்கிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைக் கேட்டே மாற்றுங்கள்.