சுமைபகிர்வியை ஆக்கி அறிதல்

பரீட்சைப் பெறுபேறுகள் இணையத்தில் வெளியாகும் நாளில் பல்லாயிரவர் ஒரே வேளையில் ஒரே முகவரியை நாடுகின்றனர். அத்துணைப் பேருக்கும் விடையளித்தல் ஒரு கணினியால் இயல்வதன்று. இத்தகைய இடங்களில் ஒரே பணியைச் செய்யும் சேவையகங்கள் பலவற்றை நிறுவி, வருவோரை ஏற்று அவற்றுக்குப் பங்கிட்டனுப்பும் செய்நிரலொன்றை முன்னே வைத்தல் வழக்கம். 'லோட் பலன்சர்' எனப்படும் அதனைச் சுமைபகிர்வி எனலாம். வில்லி தாரோ என்பார் ஆக்கி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்.ஏ.புரொக்சி இவ்வகையிற் பெயர்பெற்றது. ஆயினும், அத்தகையதொன்றைப் பைதன் மொழியில் நூறு வரியளவில் தாமே எழுதிப் பார்க்கும் மாணாக்கர், சுமையைப் பங்கிடுதல் எளிது, பங்குபெறுவன நலமாயுள்ளனவா என அறிதலே அரிது என்பதை விரைவிற் காண்பர்.

இதற்கு ஒரு கணினியே போதும். அதில் மூன்று சிறு சேவையகங்கள் 8001, 8002, 8003 என்னும் துறைகளில் இயங்க, சுமைபகிர்வி 8000ஆம் துறையில் நிற்கும். ஒருவர் வந்து இணைந்ததும், அது மூன்றில் ஒன்றைத் தெரிந்து, அதனோடு இரண்டாவது இணைப்பொன்றை ஏற்படுத்தி, இரு புறத்துத் தரவுகளையும் மறுபுறம் கடத்துகிறது. ஒருவருக்கு விடை கிடைக்கும்வரை ஏனையோரைக் காக்கவைத்தல் கூடாதாகலின், பல இணைப்புக்களை ஒருங்கே கவனிக்கும் வகையில் நிரல் அமைதல் வேண்டும்.

தெரிவு முறைகளுள் எளியது, பங்குக் கிணற்றில் முறைவைத்து நீரிறைப்பது போல்வது. வருகையின் எண்ணை மூன்றால் வகுத்து, மீதியைக் கொண்டு சேவையகத்தைத் தெரியலாம். ஆனால் எல்லா வேண்டுகோளும் ஒரே அளவின அல்ல. ஒன்று நொடியின் நூறிலொரு பங்கில் முடிய, மற்றொன்று இரண்டு நொடி கொள்ளும். ஆகவே, அவ்வேளையில் மிகக் குறைந்த இணைப்புக்களையுடைய சேவையகத்துக்கு அனுப்புதல் சிறந்ததெனத் தோன்றும்.

இனி 8002இல் உள்ள சேவையகத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டால் நிகழ்வது யாது? முறைவைத்துப் பங்கிடும் நிரல் மூன்றிலொருவரை இறந்த வாயிலுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆதலின் ஒவ்வொன்றையும் இடையிடையே சோதித்தல் வேண்டும். எச்.ஏ.புரொக்சியின் இயல்பான அமைப்பில், சோதனை இயக்கப்பட்டபின், அஃது இரண்டு நொடிக்கொரு முறை நிகழும். தொடர்ந்து மூன்று முறை தவறிய சேவையகம் விலக்கப்படும். பின்னர் இரு முறை தேறினால் மீளச் சேர்க்கப்படும். ஒரு தவறுக்கே விலக்கினாலென்ன என்று வினவலாம். கணப்பொழுது தாமதித்த நல்ல சேவையகமும் அதனால் விலக்கப்படும்; அதன் பங்கு எஞ்சிய இரண்டின்மேல் விழும்; அவையும் தளர்ந்து ஒன்றன்பின் ஒன்றாய் விலக்கப்படும். இச்சங்கிலியைத் தம் மேசைமேலே காண்பவர், மூன்றென்னும் எண்ணின் பொருளை உணர்வர்.

இதனினும் வியப்பானது பிறிதொன்று. ஒரு சேவையகம் இறவாமல், தரவுத்தளத்தோடு தொடர்பறுந்த நிலையில், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் '500' என்னும் பிழை விடையை உடனுக்குடன் தருவதாகக் கொள்வோம். வேலை செய்யாமையால் அது விரைவில் ஓய்வடைகிறது. அதனிடத்து இணைப்புக்கள் மிகக் குறைவு. எனவே சிறந்ததெனத் தெரிந்த முறையே வருவோரிற் பெரும்பாலாரை அதனிடம் சேர்க்கிறது! சோமபேறிக்கு முதன்மை கொடுத்தவாறாயிற்று. துறை திறந்துள்ளதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இதனைக் கண்டுபிடியாது. எச்.ஏ.புரொக்சியின் இயல்பான சோதனையும் அவ்வளவினதே; குறித்த பக்கமொன்றைக் கேட்டு விடையின் எண்ணை நோக்குமாறு தனியே பணித்தல் வேண்டும். அப்பக்கமும் 'நலம்' என்னும் சொல்லை மட்டும் தாங்கிய வெறும் பக்கமாயிருப்பின் பயனில்லை. தரவுத்தளத்திலிருந்து ஒரு பதிவையேனும் எடுத்துப் பார்ப்பதாதல் வேண்டும்.

இவ்வளவும் முடித்தபின், சுமைபகிர்வி தானே வீழ்ந்தால் என்செய்வது என்னும் வினா எழும். இரண்டை நிறுவி, பணியிலிருப்பது ஓய்ந்தவுடன் மற்றையது அதே முகவரியை ஏற்குமாறு அமைப்பர். ஆண்டும், முதலாவது ஓய்ந்துவிட்டதென இரண்டாவது எவ்வாறு அறியும் என்ற அதே வினாவே மீண்டும் வந்து நிற்கும்.