கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கார்

“அந்தக் கம்பெனி வண்டியா? கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க மாப்பிள்ளை” என்றார் என் மாமனார். இருபது வருடமாக அதே கம்பெனியின் கார்களை ஓட்டியவர். அவர் சொல்லை நம்பி, வேறு எதையும் பார்க்காமல் முன்பணம் கட்டினேன். வாங்கிய நான்காம் மாதம், திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில், விராலிமலை தாண்டி, பின்னால் ஒரு லாரி நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இன்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் கனத்தது, பிரேக் மிதி இறுகியது. பின் இருக்கையில் அம்மாவும் மகளும். எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆனது.

அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் ஆறு முறை அப்படி நின்றது. ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டரில் ஒரே பதில்: “ஸ்கேன்ல ஒண்ணும் காட்டல சார். பெட்ரோல் எங்க போடுறீங்க?” மாமனாரிடம் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். “அந்தக் கம்பெனி வண்டி அப்படி நிக்காதே” என்பார். கொஞ்ச நாளில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் ஓட்டுகிற விதம்தான் தப்போ, பங்க்கை மாற்றிப் பார்க்கலாமோ என்று.

நல்ல பெயருள்ள கம்பெனியின் வண்டி பழுதானால் நேரும் பெரிய ஆபத்து இதுதான். உரிமையாளர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார், புகாரைத் தள்ளிப்போடுகிறார். அதற்குள் வாரன்டி கரைகிறது, சட்டம் தரும் காலக்கெடுவும் கரைகிறது.

அப்படியானால் கம்பெனியின் பெயருக்கு மதிப்பே இல்லையா? உண்டு. பல வருடம் பல லட்சம் பேர் ஓட்டிப் பார்த்துச் சேர்ந்த பெயர் அது. சின்ன ஊரிலும் சர்வீஸ் கிடைக்கும், ஸ்பேர் கிடைக்கும், விற்கும்போது விலை போகும் என்பதற்கு அது ஓரளவு அடையாளம். 2017 இறுதியோடு ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவில் ஷெவர்லே கார் விற்பனையை நிறுத்தியபோதும், 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பதைக் கைவிடுவதாக அறிவித்தபோதும், அந்த வண்டிகளை வைத்திருந்தவர்களுக்கு முதலில் வந்த கவலை ஸ்பேரும் ரீசேலும்தான். மறைமலைநகர் ஆலையில் செய்த ஃபோர்டு கார்கள் அதற்கு முந்தின வாரம் எவ்வளவு நல்ல வண்டிகளாக இருந்தனவோ அவ்வளவு நல்ல வண்டிகளாகத்தான் அதற்குப் பிறகும் ஓடின. மாறியது அவற்றுக்குப் பின்னால் நின்ற ஏற்பாடு.

ஆனால் உங்கள் வாசலில் நிற்கும் அந்த ஒரு வண்டியைப் பற்றிப் பெயர் எதுவும் சொல்லாது. தரத்துக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட டொயோட்டா, தானாக வேகமெடுக்கும் கோளாறுக்காக 2009, 2010-இல் லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-இல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டியது. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகள் வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தபோது, அவை ஹோண்டா, டொயோட்டா, நிசான், பிஎம்டபிள்யூ எனப் பெரிய பெயர்கள் பலவற்றின் கார்களுக்குள் இருந்தன. காரில் இருக்கும் ஆயிரக்கணக்கான பாகங்களில் பெரும்பாலானவற்றை வேறு யாரோ செய்து தருகிறார்கள். முன்னால் மின்னும் சின்னம் மட்டும் ஒன்று.

நம் நாட்டிலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2019-இல் வந்த டொயோட்டா கிளான்சா, சின்னம் மாறிய மாருதி பலேனோதான். 2020 ஜூலையில் எரிபொருள் பம்பில் குறை இருக்கலாம் என்று மாருதி சுசுகி வேகன்ஆர், பலேனோ கார்கள் 1,34,885-ஐத் திரும்ப அழைத்தது. அதையொட்டி கிளான்சாவும் அதே பம்புக்காகத் திரும்ப அழைக்கப்பட்டது. சின்னத்தைப் பார்த்து வாங்கியவருக்கும் விலையைப் பார்த்து வாங்கியவருக்கும் கிடைத்தது ஒரே பம்ப். வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது: அந்தச் சமயத்தில் பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் வாரன்டி, கிளான்சாவுக்கு 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கலரைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது வாரன்டி புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் மன்றாடுவது இதனால்தான். பாதுகாப்புச் சோதனையில் எத்தனை நட்சத்திரம் என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பாரத் என்கேப் நட்சத்திரம் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லும். வண்டி தினமும் ஸ்டார்ட் ஆகுமா என்பது அதன் வேலை அல்ல.

என் கதைக்கு வருகிறேன். ஏழாவது முறை நின்றபோது, நீதிமன்ற விவகாரங்கள் தெரிந்த ஒரு நண்பர் என் ஜாப் கார்டுகளை எல்லாம் கேட்டார். வீட்டில் தேடி நான்கைக் கொண்டுபோனேன். வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் மூன்றில் “ஜெனரல் செக்கப்” என்று இருந்தது. ஒன்றில் “வாட்டர் வாஷ்”. கீழே, வேலை திருப்தி என்று என் கையெழுத்து. “உங்க வண்டி ஒரு தடவைகூட நிக்கலையே சார், இந்தப் பேப்பர்படி” என்றார் அவர். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே முதல் வேலை இது. சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டு போடும்போது, உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே ஏற வேண்டும்: “ஏசி போட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இன்ஜின் நிற்கிறது, இது மூன்றாவது முறை.” எழுத மறுத்தால் அங்கேயே நின்று, வண்டி எண், சேஸிஸ் எண், தேதி, கிலோமீட்டரோடு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் டீலருக்கும் ஈமெயில் அனுப்புங்கள். வண்டியை எடுக்கும்போது கோளாறு தீரவில்லை என்றால் “புகார் தீரவில்லை” என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வண்டி நிற்கும்போது, பத்திரமான இடத்தில் ஒதுங்கியபின், பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டோ செய்த பில், அன்றைக்குப் பிடித்த டாக்ஸி பில், எல்லாம் ஒரே கோப்பில். மாற்றிய பாகம் எது என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக “பார்த்துட்டோம் சார்” என்பதற்கு எங்கும் மதிப்பில்லை.

வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரன்டி போய்விடும் என்று மிரட்டுவார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களைத் தங்கள் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டதற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே பழுது பார்த்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவில் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. என் யோசனை, வழக்கு நினைப்பு இருக்கும்வரை அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரையே பயன்படுத்துங்கள். அவர்களுக்கு ஒரு சாக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி சட்டம். 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இல்லாத பெரிய வசதி இது. 10 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குக் கட்டணம் 200 ரூபாய்க்கு மேல் போகாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் தேதியோடு ஒரு பதிவு எண் கையில் இருக்கும்.

கவனிக்க வேண்டியது காலக்கெடு. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. வாழ்க்கைப்பாட்டுக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான், அவர் தயங்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கோபத்தில் இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். கடன் வங்கிக்கும் உங்களுக்கும் உள்ளது. வண்டி சரியில்லை என்பதை வங்கி கேட்காது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும், உங்கள் சாட்சியப் பொருளும் அதோடு போய்விடும்.

ஆணையத்தில் என்ன கிடைக்கும்? இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். “புது வண்டி கொடு” என்று கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். மாருதி உத்யோக் எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரன்டியின் கடமை என்று சொல்லி, முழு வண்டியையும் மாற்றச் சொன்ன உத்தரவை ஏற்கவில்லை. முழு வண்டியோ முழு விலையோ வேண்டுமென்றால், அது தயாரிப்பிலேயே உள்ள குறை என்பதை நிபுணர் மூலம் நிரூபிக்க வேண்டும். சட்டத்தின் 38-ஆம் பிரிவு, தேவைப்பட்டால் வண்டியைச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான மனுவை நீங்கள்தான் போட வேண்டும். பலர் போடாமல் விட்டு, “நிபுணர் அறிக்கை இல்லை” என்ற ஒரே வரியில் தோற்கிறார்கள். “40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறதே, குறையுள்ள வண்டி எப்படி ஓடும்?” என்று எதிர்த்தரப்பு கேட்கும். முதல் மாதத்திலிருந்தே ஒரே புகார் திரும்பத் திரும்பப் பதிவான ஜாப் கார்டுகள்தான் அதற்குப் பதில்.

எல்லாக் குறைக்கும் நிபுணர் வேண்டும் என்பதும் இல்லை. 2015-இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா ஒன்று 2017-இல் விபத்துக்குள்ளானபோது ஏர்பேக் விரியவில்லை. மோதிய விசை போதாது என்று வாதாடியது நிறுவனம். வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி, வண்டியை மாற்றித் தந்து இழப்பீடும் தர வேண்டும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. இந்த வரியை வாசித்தபோது எனக்குத் தெம்பு வந்தது.

வழக்கில் யாரைச் சேர்ப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 2009-இல் செய்த காரை 2011-இல் கோவாவில் புது வண்டி என்று விற்ற டீலரின் வழக்கில், அந்த ஏமாற்று தனக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படாததால் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனையில் தப்பு நடந்தால் டீலர், தயாரிப்பில் குறை என்றால் கம்பெனி. எது என்று தெரியாத ஆரம்பக் கட்டத்தில் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பதே நல்லது.

வழக்கை 3 மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இதை மறைத்து யாருக்கும் நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் ‘எலுமிச்சைச் சட்டம்’ இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் விற்றவர்மேல். அங்குள்ள நம் தமிழர்கள் இதைச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். இந்தியாவில் அந்தப் பாரம் இன்னும் வாங்கியவர் தலையில்தான். இது மாற வேண்டும், அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

உயிருக்கு ஆபத்தான குறை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஒரு மாடலை மொத்தமாகத் திரும்ப அழைக்க மத்திய அரசு உத்தரவிட வழி செய்கிறது. 2021 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் உள்ளது. குறிப்பிட்ட அளவுக்கு உரிமையாளர்கள் ஒரே குறையைப் பதிவு செய்தால் அந்தச் சக்கரம் சுழலும். வாகன் இணையதளத்தில் நீங்கள் பதிக்கும் புகார், உங்களுக்குத் தெரியாத இன்னொருவர் புகாரோடு சேர்ந்து எண்ணிக்கையாகிறது. உங்கள் வண்டி ஏற்கெனவே திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய கார் வாங்குபவர்கள் இதை மறக்கவே கூடாது.

நண்பர் சொன்னபடி நான் செய்தேன். எட்டாவது முறை நின்றபோது மகள் எடுத்த வீடியோ, பழைய நான்கு ஜாப் கார்டுகள், தேதிவாரியாக ஒரு பக்கக் குறிப்பு. பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ். பதினோராம் நாள் கம்பெனியின் இன்ஜினீயர் வீட்டுக்கு வந்தார். ஏசி போட்டு என்னோடு 60 கிலோமீட்டர் வந்தார். திரும்பும் வழியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, இன்ஜின் அணைந்தது. மூன்றாம் நாள் எரிபொருள் பம்பையும் அதன் வயரிங்கையும் வாரன்டியில் மாற்றினார்கள். அதை ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. போன வருடம் அதை விற்றபோது, வாங்க வந்தவர் போனட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இந்தக் கம்பெனி வண்டிதானே சார்” என்றார். ஆர்சி புத்தகத்தோடு அந்தக் கோப்பையும் அவர் கையில் கொடுத்து, பம்ப் மாற்றிய பக்கத்தைத் திறந்து காட்டினேன்.