சூப்பர்சார்ஜர் காருக்குப் புது ஹெடர் தேவையா?

மாலை வேளையில் தோப்பும்பாடியிலிருந்து மட்டாஞ்சேரி பஜார் வரை ஒரு முறை நடந்து வந்தால் போதும். கார், பைக் சத்தத்தின் மேல் இன்றைய இளைஞர்களுக்கு எவ்வளவு மோகம் என்பது தெரிந்துவிடும். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல. கொச்சியிலோ வளைகுடாவிலோ வேலைக்குப் போய், கையில் நாலு காசு சேர்ந்ததும், பழைய கார் சந்தையில் ஒரு நல்ல ஜெர்மன் வண்டியை வாங்கிவிடுகிறார்கள். அப்படிக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் வண்டிகளில் ஒன்று மெர்சிடிஸ் சி200 கொம்ப்ரெஸர். 'கொம்ப்ரெஸர்' என்பது சூப்பர்சார்ஜருக்கு ஜெர்மானியர் வைத்த பெயர்.

வாங்கிய சில மாதங்களிலேயே, "ஹெடரை மாற்றினால் வண்டி பறக்கும்" என்று யாராவது ஓதிவிடுகிறார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு ஆமென்று சொல்வதா, வேண்டாமென்று சொல்வதா என்று தெரிவதில்லை. பெரியவர்கள், பிள்ளைகள் இரு சாராருக்குமாகவே இதை எழுதுகிறேன்.

ஹெடர் என்றால் என்ன?

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை ஒரு வால்வு வழியாக வெளியேறுகிறது. நான்கு சிலிண்டர்களின் புகையையும் சேர்த்து ஒரே குழாய்க்குள் அனுப்பும் பாகம்தான் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு. சாதாரணக் கார்களில் இது பெரும்பாலும் வார்ப்பிரும்பில் செய்த குட்டையான கட்டி. விலை குறைவு, சத்தம் குறைவு, பல ஆண்டு உழைக்கும். ஆனால் உள்ளே வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் புகை தடைப்பட்டுத்தான் போகும்.

ஹெடர் என்பது அந்த வார்ப்புக்குப் பதிலாக, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி எஃகுக் குழாய் வைத்துச் சற்றுத் தூரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நீளத்தைக் கணக்கிட்டு அமைத்தால், ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகமே மிச்சமிருக்கும் புகையை இழுத்துக்கொள்ளும். புதிய காற்றும் கூடவே உள்ளே வரும். காற்றைத் தானாக இழுக்கும் சாதாரண எஞ்சினில் ஹெடரின் பெருமை இதுதான். சூப்பர்சார்ஜர் எஞ்சினில் கணக்கு வேறு.

டர்போவும் சூப்பர்சார்ஜரும்

இரண்டுமே காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவிகள். டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட் அல்லது பல்சக்கரம்.

ரயில்வேயில் டீசல் எஞ்சின்களோடு பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். எர்ணாகுளத்திலும் பொன்மலையிலும் பராமரித்து வந்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் 16 சிலிண்டரும் 2,600 குதிரைத்திறனும் கொண்டது. அதில் இருந்தது புகையால் சுழலும் டர்போ. பின்னர் 1990-களின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து வந்த டபிள்யூ.டி.ஜி.4 எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. குறைந்த வேகத்தில் அதன் டர்போவைச் சுழற்றப் புகைக்குப் பலம் போதாது. அதனால் அதுவரை பல்சக்கரங்களே சுழற்றுகின்றன. பாரம் ஏறிப் புகைக்கு வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் தானே விடுபட்டு, புகையே அதைச் சுழற்றத் தொடங்குகிறது. அதாவது முதலில் சூப்பர்சார்ஜர், பிறகு டர்போ!

டர்போ காரில் புகை வெறும் கழிவு அல்ல. டர்போவைச் சுழற்ற வேண்டிய சக்தி அதில்தான் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் காரில் புகைக்கு வேறு வேலை கிடையாது. எவ்வளவு எளிதாக வெளியே போகிறதோ அவ்வளவு நல்லது. "கொஞ்சம் பின்னழுத்தம் இருந்தால்தான் இழுவை வரும்" என்று சில ஒர்க்‌ஷாப்புகளில் சொல்வதை நம்ப வேண்டாம். வெளியேறாமல் தங்கும் சூடான புகை அடுத்த முறை வரும் கலவையைச் சூடாக்கி, எஞ்சினைத் 'தட்ட' வைக்கும். அழுத்திய காற்றோடு ஓடும் எஞ்சினில் இந்தத் தட்டல் பிஸ்டனையே உடைத்துவிடக் கூடியது.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

குழாயின் விட்டம்: சூப்பர்சார்ஜர் எஞ்சினில் அதிகக் காற்று போவதால் அதிகப் புகையும் வருகிறது. ஆகவே அதே அளவுள்ள சாதாரண எஞ்சினுக்குப் பொருந்துவதை விடக் குழாய் ஒரு படி அகலமாக இருக்கலாம். 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு உள்விட்டம் ஏறத்தாழ 40 மி.மீ. என்பது நியாயமான அளவு. குழாயின் வாய் எஞ்சினின் துவாரத்தை விடச் சிறியதாக இருக்கவே கூடாது.

குழாயின் நீளம்: இங்கே காற்றை இழுக்கத் தேவையில்லை, அது தள்ளப்பட்டே வருகிறது. அதனால் நாலு குழாயும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே நீளம் என்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். கூர்மையான வளைவுகள் இல்லாமல் இருப்பதே முக்கியம்.

சேரும் விதம்: நான்கும் ஒரே இடத்தில் சேர்வது ஒரு வகை. இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவது இன்னொரு வகை. நகரத்தில் ஓட்டுபவர்களுக்கு இரண்டாவதே நல்லது, நடுவேகத்தில் இழுவை தரும். 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும் எஞ்சினில் 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் மறு ஜோடி. வேறு மாதிரி இணைத்திருந்தால் செய்தவருக்கு விஷயம் தெரியாது என்று கொள்ளலாம்.

உலோகம்: நம் கொச்சியின் உப்புக் காற்றிலும் ஆடி மழையிலும் சாதாரண எஃகுக் குழாய் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும். ஆனால் அது சூட்டில் அதிகமாக நீளும். 70 செ.மீ. நீளமுள்ள 304 குழாய் 600 டிகிரி சூடேறினால் 7 முதல் 8 மி.மீ. வரை நீளும். சாதாரண எஃகு 6 மி.மீ. அளவில் நிற்கும். பழைய தண்டவாளங்களில் இணைப்புக்கு இணைப்பு இடைவெளி விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே காரணம்தான். டீசல் ரயில் எஞ்சினின் மானிஃபோல்டிலும் இதற்காகவே நெளிவுள்ள பெல்லோஸ் இணைப்புகள் உண்டு. நல்ல ஹெடரில் நழுவிக் கொடுக்கும் இணைப்போ, அதற்குப் பின்னால் நெளியும் குழாயோ இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் வெல்டிங் விரிசல் விடும்.

பட்டையும் வெல்டிங்கும்: எஞ்சினோடு பொருந்தும் பட்டை 10 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதன் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வாங்காதீர்கள். குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் வெல்டிங் உருகி உள்ளே கட்டியாகத் தொங்குகிறதா என்பதும் தெரியும்.

பொருத்தம்: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஹெடர்கள் பல, இடது பக்க ஸ்டீயரிங் வண்டிகளுக்காகச் செய்தவை. நம் வண்டியில் ஸ்டீயரிங் தண்டு வலது பக்கம் இறங்குகிறது. அதை உரசினால் ஹெடர் வீண். இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

மாற்றினால் என்ன நடக்கும்?

முதலில் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் முள் முன்பை விடக் குறைவாக நிற்கும். 'பவர் போய்விட்டது' என்று பிள்ளைகள் பதறுவார்கள். உண்மை அதுவல்ல. இந்தக் கார்களில் உள்ள ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றையே தள்ளுகிறது. எஞ்சின் தடையின்றி அதை உள்வாங்கினால் குழாயில் காற்று தேங்காது, அழுத்தம் இறங்கும். முள் காட்டுவது தேக்கத்தை. எஞ்சினுக்குள் போகும் காற்றை அல்ல.

இரண்டாவது, பெட்ரோல் அளவு. காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். ஆகவே ஹெடரோடு கம்ப்யூட்டர் டியூனிங்குக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் ஆக்சிஜன் சென்சார் வெளிக் காற்றை மோந்து தவறான கணக்கைச் சொல்லும்.

மூன்றாவது, சூடு. மெல்லிய குழாய், கனமான வார்ப்பை விட அதிகச் சூட்டை வெளியே விடும். பக்கத்தில் உள்ள ஒயர், பிரேக் குழாய், ரப்பர் பாகங்களுக்குத் தகடு மறைப்பு அவசியம். துணிபோலச் சுற்றும் பட்டி சூட்டை அடக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை அரித்துவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை

பழைய கொம்ப்ரெஸர் வண்டி இழுக்கவில்லை என்றால் குற்றம் மானிஃபோல்டில் இருப்பது அபூர்வம். வெடித்துப்போன ரப்பர் குழாய், வழுக்கும் பெல்ட், நீண்டுபோன டைமிங் செயின், அடைத்துக்கொண்ட கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இவைதான் வழக்கமான காரணங்கள். கன்வெர்ட்டர் அடைப்பைக் கண்டுபிடிப்பது எளிது. அதற்கு முன்னால் உள்ள சென்சாரைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் அழுத்த மீட்டரை வைத்து 2,500 சுற்றில் எஞ்சினை ஓட்டினால், 3 பவுண்டுக்கு மேல் காட்டினால் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். அதைச் சரிசெய்தாலே ஹெடர் தருவதாகச் சொன்ன வேகம் பெருமளவு திரும்பிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், ஓட்டுநர் உரிமத்துக்கு மூன்று மாதத் தடையும் உண்டு. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுக் குழாய் போடுவது இதில்தான் வந்து மாட்டும்.

கே.எல்.43 வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைந்து பதிவைப் புதுப்பிக்க மட்டாஞ்சேரி ஆர்.டி. ஆபீசுக்குக் கொண்டுபோகும்போது, மாற்றிய வண்டியை மறைக்க முடியாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடம் கொடுத்ததாகும். அந்த இழப்பு பிள்ளையோடு நிற்காது, குடும்பத்தின் தலையில் விழும்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வது இது. சாலையில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி மானிஃபோல்டே இருக்கட்டும். பணத்தை மேலே சொன்ன பழுதுகளில் போடுங்கள். வேகத்தின் மேல் உண்மையான ஆசை இருந்தால், அதற்கென்றே ஒரு வண்டியை ஒதுக்கி, மேலே சொன்னபடி ஹெடரைத் தேர்ந்து மாட்டி, கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறுமனே 'கூடாது' என்று தடுத்தால் பிள்ளைகள் மறைத்துச் செய்வார்கள். "எந்தக் குழாய், என்ன விட்டம், டியூனிங் யார் செய்வது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாத பிள்ளை தானே யோசிக்கத் தொடங்குவான். பதில் தெரிந்தவனோடு உட்கார்ந்து பேசலாம்.