மாதவிடாய் நின்ற பிறகு மூட்டுவலி... 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடலாமா?

தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துவிட்டு, கையை ஊன்றி எழும்போது அம்மாவிடமிருந்து வரும் அந்த 'ஸ்ஸப்பா' கேட்காத வீடு உண்டா? என்னம்மா என்றால், "வயசாயிடுச்சுல்ல" என்பார். தைலம் தேய்ப்பார், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடுவார். முடியாமல் போனபிறகே டாக்டரிடம் போவார். ராயப்பேட்டை வெஸ்ட்காட் சாலையில், 1911-ல் தொடங்கிய அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தாலும் இதே கதைதான்!

நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜென் குறையும் இந்தக் காலத்தில்தான் எடை கூடுகிறது, தசை தளர்கிறது, மூட்டுத் தேய்மானமும் தலைகாட்டுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* படி இறங்கும்போதும் தரையிலிருந்து எழும்போதும் முட்டி வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும்.
* காலையில் மூட்டு இறுகியிருக்கும். அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும்.
* காலை மடக்கும்போது 'கரகர' சத்தம் வரும்.
* நாளாக ஆக முட்டி பெருத்து, கால் வில்லாக வளையும்.
* விரல் நுனி மூட்டுகளில் கெட்டியான முடிச்சு தோன்றலாம். இதற்கு 'ஹெபர்டன் முடிச்சு' என்று பெயர்.

இதையும் அதையும் குழப்பாதீர்கள்!

இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு, தள்ளிப்போடக் கூடாது. எலும்பு பலவீனமும் வேறு நோய்தான். பெரும்பாலும் எலும்பு முறியும்வரை அது வலிக்காது. கால்சியம் மாத்திரையால் மூட்டுத் தேய்மானம் குணமாகாது. டாக்டரைக் கேட்காமல் தொடர்ந்து வலி மாத்திரை போட்டால் வயிறும் கிட்னியும் பாதிக்கப்படும்.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை வலுவானால் முட்டிக்குச் சுமை குறையும். உடல் எடையில் 1 கிலோ குறைந்தாலே, ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய 4 கிலோ சுமை குறைகிறது. மாடி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள்.

நடக்கவே முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள்.

அடுத்த முறை 'ஸ்ஸப்பா' கேட்டால் தைலத்தை நீட்டுவதோடு நிறுத்தாமல், "காலையில எவ்வளவு நேரம்மா இறுக்கமா இருக்கு?" என்றும் கேளுங்கள். டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்பார்.