கண் சீட்டில் ஓர் எண்

குந்தா பக்கம் கொழுந்து பறிக்கும்போதோ, கவாத்து வெட்டும்போதோ கண்ணில் குச்சி குத்துவது புதிதல்ல. "தூசிதான், தானாச் சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். மறுநாள் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, நீர் வடிந்தால்? அது கருவிழி அழற்சியாக இருக்கலாம், சகோதரிகளே!

ஊட்டிக்குப் போய் டாக்டரிடம் காட்டினால், சீட்டில் சில சமயம் 'எச்16' என்று எழுதியிருக்கும். இதென்ன புதிர்? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 10-வது பதிப்பின்படி, கருவிழி அழற்சிக்கு உரிய எண் அது. புண்ணாகிவிட்டால் எச்16.0. வைட்டமின் 'ஏ' குறைவால் குழந்தையின் கருவிழி வறண்டு புண்ணானால், எண்ணே வேறு: இ50.3.

பார்வைக்கு எல்லாம் ஒரே சிவப்புத்தான். காரணம் வேறு, மருந்தும் வேறு. மதுரையில் 1994-ல் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு முதலில் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி இன்னதென்று தெரிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சை! பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் புண் பெருகும்; கண்ணில் பூ விழுந்து பார்வையே போகலாம்.

ஆகவே, பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து வேண்டாம். தாய்ப்பால், பச்சிலைச் சாறு வேண்டவே வேண்டாம். கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் அலம்பி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். நாளை வேறு டாக்டர் பார்த்தாலும், இன்ஷூரன்ஸில் கேட்டாலும், எண்ணைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும்.