இண்டோமெத்தசினும் பெண் விலங்குகளின் ஹார்மோன் சுரப்பும்

முன்னுரை

மூட்டழற்சிக்கு வழங்கப்படும் இண்டோமெத்தசின், ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகளுள் ஒன்றாகும். சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுத்து, அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதை இது குறைக்கிறது. இவ்வகை மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாக்கத்தைத் தடுக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் வெளிப்படுத்தினார். அழற்சியைத் தூண்டும் இச்சேர்மங்கள் இனப்பெருக்கத்திலும் பங்கு கொள்வதால், மருந்தின் விளைவு மூளை, சூலகம், கருப்பை ஆகிய மூன்று தளங்களில் வெளிப்படுகிறது.

மூளை

ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, கொனடோட்ரோபின் விடுவிப்பு ஹார்மோனின் வெளியீட்டைத் தூண்டுகிறது. எலிகளின் மூளை அறைக்குள் இதனைச் செலுத்தும்போது குருதியில் லூட்டினைசிங் ஹார்மோன் உயர்கிறது. எனவே, புரோஸ்டாகிளாண்டின் குறையும்போது இத்தூண்டலும் தளரக்கூடும்.

சூலகம்

இண்டோமெத்தசின் பெற்ற எலிகளில் கருமுட்டை வெளியேற்றம் தடைபடுகிறது. லூட்டினைசிங் ஹார்மோனைப் புறத்திலிருந்து செலுத்தினாலும் இத்தடை நீங்குவதில்லை. புரோஸ்டாகிளாண்டின் ஈ2 செலுத்தினால் நீங்குகிறது. ஆகவே, முதன்மையான தடை மூளையில் அன்றி, சூலகத்திலேயே நிகழ்கிறது எனலாம். சைக்ளோஆக்சிஜனேஸ்-2 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் கருமுட்டை வெளியேற்றம் குன்றுவது இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. எனினும், வெடிக்காத நுண்பையின் செல்கள் மஞ்சள் உடலமாக மாறி, புரோஜெஸ்டிரோனைச் சுரக்கின்றன. முட்டை உள்ளேயே சிக்கியிருக்க, ஹார்மோன் மட்டும் உயர்கிறது.

கருப்பை

பசு, செம்மறியாடு ஆகியவற்றில் கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா மஞ்சள் உடலத்தைச் சிதைக்கிறது. இதன் உருவாக்கம் தடைபட்டால் அச்சிதைவு தாமதமாகி, புரோஜெஸ்டிரோன் சுரப்பு நீடிக்கக்கூடும். கால்நடை மருத்துவத்தில் பயன்படும் ஃப்ளுனிக்சினும் இந்த நொதியையே தடுக்கிறது.

முடிவுரை

புரோஜெஸ்டிரோன் அளவை மட்டும் கொண்டு கருமுட்டை வெளியேறியது என முடிவு செய்வது, இம்மருந்து பெற்ற விலங்குகளில் பிழையாகிவிடும். அறுவைக்குப் பின் வலிநீக்கியாக இவை தரப்படும் ஆய்வுகளில் இப்பிழை கவனிக்கப்படாமல் போக வாய்ப்புண்டு. ஆகையால் மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் ஆகியவற்றைப் பதிவு செய்வதும், மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவை வைத்துக்கொள்வதும் இன்றியமையாதவை. சிறு விலங்குகளில் கருக்குழாயிலுள்ள முட்டைகளை எண்ணியும், பெரிய விலங்குகளில் மீயொலி வழியே நுண்பையைத் தொடர்ந்து நோக்கியும் ஹார்மோன் அளவீட்டைச் சரிபார்த்தல் வேண்டும்.