பாட்டு வாத்தியார் வேலை அரை நாள் வேலையா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கிறது குடிகாடு. இந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் இசை ஆசிரியராக ஆசைப்பட்டால் படிப்புக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. வடக்கே கடலூரில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று மூன்றாண்டுப் படிப்பு. தெற்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டமே வாங்கலாம். படித்து முடித்தவருக்கு முழு வேலை கிடைப்பதுதான் அரிது. அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், தையல், உடற்கல்வி, இசை போன்ற பாடங்களுக்கு 16,500க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிறகு சம்பளம் கூட்டப்பட்டது. ஆனாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது.

அரை நாளில் முடிகிற வேலையா இது? முதல் பாடமான சரளி வரிசையையே பாருங்கள். அது அமைந்த மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ-வுக்கு மிக அருகில் இருக்கிறது ரி. அங்கிருந்து க-வுக்குப் பெரிய தாவல். பழகாத பிள்ளை ரி-யைத் தானாக மேலே இழுத்துவிடும். நாற்பது குரல்களுக்கு நடுவே அந்த ஒரு குரலைக் காது பிடித்து, அன்றைக்கே திருத்த வேண்டும். விட்டால் பிசகு படிந்துவிடும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடையும் மகரக்கட்டு வரும். போன மாதம் எட்டிய சுருதி இந்த மாதம் எட்டாது. உனக்குப் பாட்டு வராது என்று யாராவது சொல்லிவிட்டால் அவன் அதோடு வாயை மூடிக்கொள்வான். சுருதியை இறக்கி, கொஞ்ச நாள் மெல்லப் பாடச் சொல்லி அவனைக் கரையேற்றுவது ஆசிரியர் பொறுப்பு. அதற்கு அவர் தினமும் பள்ளியில் இருக்க வேண்டும்.

கச்சேரியில் தேறாதவர்தான் பாட்டு வாத்தியாராகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். சிதம்பரத்தின் வரலாறு அதை ஒப்புக்கொள்ளாது. பெரும் பாடகரான டைகர் வரதாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். 1942இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்தில் நடித்துப் புகழின் உச்சியில் இருந்த தண்டபாணி தேசிகர், பின்னாளில் அங்கேயே இசைப் பேராசிரியரானார். மேடை கிடைக்காமல் வகுப்பறைக்கு வந்தவர்கள் அல்லர் இவர்கள். யூடியூப் இருக்கும்போது ஆசிரியர் எதற்கு என்பது இன்றைய கேள்வி. சுருதி பார்க்கும் செயலிகூட வந்துவிட்டது. ரி ஏறியிருப்பதை அது காட்டிவிடும். மூச்சு போதாமல் ஏறியதா, வாய் திறக்காததாலா, பக்கத்துப் பிள்ளை சிரித்ததாலா என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் கண்டுபிடிப்பார்.

சிறிய பள்ளிக்கு முழுநேர இசை ஆசிரியர் தேவையா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் ஒருவர் வேண்டியதில்லை. ஒரே பஸ் தடத்தில் இருக்கும் இரண்டு மூன்று பள்ளிகளைச் சேர்த்து, காலமுறை ஊதியத்தில் ஒரு நிரந்தரப் பணியிடம் உருவாக்கலாம். அப்போது காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் இன்னொன்று என்று வாரம் முழுக்க அவர் பிள்ளைகளோடு இருக்க முடியும்.